அக்காவின் ஸ்னோ புட்டி

என் ஓரகத்தி லிங்கம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதில் முகத்துக்கு ஸ்னோ பூசுகிற ஆசை வந்துவிட்டது என்று தெருவே பேசியது. நான் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னது அதைவிட மோசம்.

வளையல்கார மொக்கையன் நரிக்குடிச் சந்தை முடித்து எங்கள் வாசலில் பெட்டியை இறக்கினால், சாதாரணமாக அக்கா இரண்டு கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவாள். அன்று வளையல் பக்கமே திரும்பவில்லை. பெட்டியின் அடியில் வைக்கோலுக்குள் கிடந்த ஒரு ஸ்னோ புட்டியையும் ஒரு பவுடர் டப்பாவையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கல்யாணப் பொண்ணு ஆரு தாயி?" என்று மொக்கையன் கேட்டான்.

"நாந்தான்" என்றாள் அக்கா.

எனக்கு எரிச்சலாக வந்தது. வீடு இருந்த இருப்பில் ஸ்னோ ஒரு கேடா என்று நினைத்தேன். வீடு இருந்த இருப்பைச் சொன்னால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தறிதான். எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவர் சௌடையா, அக்காவின் வீட்டுக்காரர். இளையவர் வேங்கடபதி, எனக்கு வாய்த்தவர். வீட்டுக்குள் நாங்கள் பேசுவது கன்னடம். உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று எல்லாரையும் தமிழில் பேச வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் தம்பி பெண்டாட்டி மூத்தாரோடு முகம் பார்த்துப் பேசமாட்டாள். அவர் வந்தால் நான் சுவரோரம் ஒதுங்கிவிடுவேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் அக்காவிடம் சொல்வார், நான் பக்கத்திலேயே நின்றாலும் சரி. இப்படியே பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் என்னிடம் வந்து கேட்க முடியாத ஆம்பளை ஒருத்தர் வீட்டில் இருப்பது நல்லதுதானே.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் மூத்தாருக்குக் கண் மங்கத் தொடங்கியது. முதலில் அறுந்த இழை தெரியவில்லை என்றார். அப்புறம் இழையே தெரியவில்லை என்றார். மதுரையில் ஒரு பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இது புரை இல்லை, நரம்புக் கோளாறு, கத்தி வைத்துப் பிரயோசனம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். தறியை விட்டு இறங்கி ராட்டையில் உட்கார்ந்தார். குறுக்கே ஓடுகிற ஊடைக்கு நூல் சுற்றக் கண் வேண்டாம், விரல் போதும். வெளிச்சம் தெரியும், இருட்டுத் தெரியும், கொடியில் வெள்ளை வேட்டி ஆடினால் தெரியும். மற்றபடி ஆட்கள் எல்லாம் அவருக்கு நிழல்தான்.

சண்டை முடிந்த மறுவருஷம் புரட்டாசியில்தான் அந்தக் காரியம் நடந்தது. வீட்டுப் பெண்களுக்கென்று தறியில் நீளவாட்டு நூலாக ஒரு பாவு போட்டால் எல்லாருக்கும் அதிலேயே சேலை நெய்துவிடுவது எங்கள் வழக்கம். அக்காவுக்கும் எனக்கும் ஒரே பாவில் அரக்குச் சேலை. எங்கள் இருவருக்கும் உயரமும் ஒன்று, நடையும் ஏறக்குறைய ஒன்று. வளையலோ இருவருக்கும் அதே மொக்கையன் போட்டுவிட்டது. நான் கிணற்றடிக்குக் குடத்தோடு போனேன். மூத்தார் குளித்துவிட்டு ஈர முதுகோடு அங்கே உட்கார்ந்திருந்தார்.

"லிங்கி, நடு முதுகுல கை எட்டாத எடத்துல அரிக்கிது. சித்த சொறிஞ்சு விடேன்" என்றார், கொஞ்சலாக.

பேசாமல் ஓடிவிடலாம்தான். ஓடினால் அக்கா கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சிக் கூப்பிட்டுவிடுவாரோ என்று பயம். "நான் பாலாமணி" என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் துண்டை எடுத்துத் தோளை மூடிக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை, நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. அவரேதான் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லி அழுதார். அன்று சாயங்காலமே அவருடைய பாயும் தட்டும் தெருப்பக்கத்துத் தறிக்கூடத்துக்குப் போய்விட்டன. வீட்டுக்குள் வருவது நின்றது. பேச்சும் நின்றது. பக்கத்தில் வருவது யார் என்று குரல் கேட்டு உறுதிப்பட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். அப்புறம் ஒரு நாள், தை பிறந்ததும் திருச்சுழியில் தங்கை சௌடம்மாள் வீட்டோடு போய் இருந்துவிடுவதாகச் சொன்னார். அங்கே தம்பி பெண்டாட்டி என்று யாரும் கிடையாது.

"நடந்தது நடந்து போச்சுண்ணே, அத விடுங்க" என்று என் வீட்டுக்காரர் எவ்வளவோ கெஞ்சினார்.

"இன்னொரு தடவ நடக்காதுன்னு நீ சொல்லு, இருக்கேன்" என்றார் மூத்தார். யாரால் சொல்ல முடியும்?

இப்படி வீடு கிடக்கும்போதுதான் அக்கா ஸ்னோ வாங்கினாள். இப்போது சொல்லுங்கள், எரிச்சல் வருமா வராதா?

மறுநாள் காலை அவள் முகம் கழுவிவிட்டு, புட்டியிலிருந்து கை நிறைய வழித்து முகத்தில் அப்பினாள். பாவுக்குக் கஞ்சி தேய்க்கிற மாதிரியே, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே வாட்டமாக விரலால் நீவினாள். குறுக்கே ஒரு விரல் போகவில்லை. நீவி முடித்துப் பின்வாசலில் கிழக்கே பார்த்து வெயிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா இது?"

"காயட்டும். காயாமக் கஞ்சி எப்பிடிப் பிடிக்கும்?"

சிரிக்காதீர்கள். பிறந்ததிலிருந்து வெள்ளையாக, கொழகொழவென்று எதைப் பார்த்தாலும் அதை நூலில் தேய்த்து வெயிலில் காயவைத்தே பழகியவள் வேறு என்ன செய்வாள்? நான் சிரித்தேன் என்பது வேறு விஷயம். இப்படியே சில நாள் காயவைத்தாள். முகம் வெளுக்கவில்லை. சிவந்து, மூக்கு நுனி உரிந்து, கன்னம் இழுத்துக்கொண்டு வாய் திறக்கவே சிரமப்பட்டாள். அதைப் பார்த்ததும் என் சிரிப்புப் போய்க் கோபம் வந்துவிட்டது.

"ஆருக்குக் காட்ட இந்தக் கூத்து? பாக்க வேண்டியவுகளுக்குக் கண்ணே தெரியல" என்று கேட்டுவிட்டேன். மோசமாகச் சொன்னேன் என்றேனே, அது இதுதான்.

அக்கா கோபப்படவில்லை. "அதுக்குத்தான்" என்றாள்.

"எதுக்கு?"

"அவுகளுக்கு வெள்ள மட்டும் தெரியுது பாலா. வேட்டி ஆடுனா வேட்டின்னு சொல்றாக. என் மூஞ்சி வெள்ளையா இருந்தா நான்னு தெரியும்ல. பூசுனா வாசனையும் வரும். ஒங்கிட்ட அது ரெண்டும் கெடையாது. அப்ப தப்பு நடக்காதுல்ல."

"அதுக்கு எதுக்கு இந்தப் பாடு? பேசிக்கிட்டே போயேன். ஒன் கொரல் தெரியாதா அவுகளுக்கு?"

அவள் மூக்கில் உரிந்த தோலை மெதுவாக எடுத்துப் போட்டாள். "கல்யாணமானதுலருந்து அவுக 'லிங்கி'ன்னு கூப்புடுவாக, நான் திரும்பிப் பாப்பேன். இப்ப நான் மணியாட்டிக்கிட்டே முன்னால போய் நிக்கணுமா? அவுகதான் மொதல்ல கூப்புடணும். அது இல்லேன்னா, அவுக திருச்சுழில இருந்தா என்ன, இங்க இருந்தா என்ன?"

அன்றைக்கே அவளை இழுத்துக்கொண்டு அடுத்த தெரு நர்ஸ் சௌந்தரத்திடம் போனேன். பிரசவம் பார்க்க எந்நேரம் கூப்பிட்டாலும் பவுடர் போட்டுக்கொண்டு வருகிறவள் அவள் ஒருத்திதான். வெயிலில் காயவைத்த கதையைச் சொன்னபோது சௌந்தரம் சிரிக்கவில்லை. அதற்காகவே அவள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

"மொதல்ல மூக்கு ஆறட்டும். தேங்கா எண்ணெய் மட்டும் தொட்டு வைங்க" என்றாள். "அப்பறம் காலையில பயத்தமாவு போட்டுக் கழுவுங்க, சீயக்காய் வேணாம். ஈரத்தத் தேய்க்காம ஒத்தி எடுங்க. ஸ்னோவ நெத்தியில, கன்னத்துல, தாடையில பொட்டுப் பொட்டா வச்சு, நெழல்ல நின்னு தேய்ங்க. அது மறையிற வரைக்கும் தேய்க்கணும்."

"மறைஞ்சு போனா வெள்ள எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் அக்கா, கவலையோடு.

"ஸ்னோ வாசனைக்கு. வெள்ளைக்குப் பவுடரு இருக்குல்ல. படுக்குறதுக்கு முன்னால எல்லாத்தையும் கழுவிட்டுக் கொஞ்சம் எண்ணெய். அவ்வளவுதான்."

மூக்கு ஆறியதும் அக்கா தொடங்கினாள். வழித்து அப்பியதில் முதல் புட்டி தீர்ந்துவிட்டதால், அதே ரோசா வாசனையில் மொக்கையனிடம் இன்னொன்று வாங்கினோம். காலையில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் பயத்தமாவு, அப்புறம் ஸ்னோ, அதற்குமேல் பழைய மல்லுத்துணியில் தொட்டுப் பவுடர், கடைசியில் காலணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டு. கறுத்த முகத்தில் அத்தனை பவுடர் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்குப் பொழுது நன்றாகப் போயிற்று.

"பொங்கலுக்கு முன்னாலயே ஒங்க வீட்டுல வெள்ளையடிச்சாச்சு போல" என்றாள் எதிர்வீட்டுச் சோலையம்மாள்.

"வெள்ளையடிக்கிறதுக்குச் சொவரு நல்லா இருக்கணும். ஒன் சொவருல நிக்காது" என்றேன். என் அக்காவை நான் கேலி பேசலாம். இவள் யார்?

ஒரு காலைப்பொழுதில் அக்கா சொம்பில் நீர்மோர் எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போனாள். வாயே திறக்கவில்லை. வளையல் சத்தம் கேட்காமல் கையை இறுக்கி வைத்துக்கொண்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக்கேட்பது தப்பு என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் நின்றேன். அவள் சொம்பை வைத்துவிட்டு ராட்டைக்கு எதிரே, வெளிச்சம் விழுகிற இடத்தில் நின்றாள்.

ராட்டை நின்றது. மூத்தார் முகத்தைத் தூக்கினார். வெளிச்சத்துப் பக்கமாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து தொலையேன் என்று அக்காவை மனதுக்குள் திட்டினேன்.

"லிங்கியா?" என்றார்.

அவள் பேசவில்லை. பிடிவாதக்காரி. சந்தேகமாகக் கூப்பிட்டது அவளுக்குப் போதவில்லை.

"லிங்கிதான்" என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. "லிங்கி, இங்க வா. இதென்ன கல்யாண வீட்டு வாசன? மூஞ்சி நல்லாத் தெரியுது. பொட்டுக்கூடத் தெரியுதே."

அக்கா அழுத அழுகையில் பவுடர் எல்லாம் வரிவரியாக இறங்கியது. நானும்தான் அழுதேன். எனக்கு இறங்கப் பவுடர் இல்லை. அன்று மத்தியானமே அவருடைய தட்டு வீட்டுக்குள் வந்தது, பின்னாலேயே பாயும் வந்தது. தை பிறந்தது. திருச்சுழிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வெள்ளையும் வாசனையும் வந்தால் "லிங்கி" என்று கூப்பிட்டு ஏதாவது சொல்லிச் சிரிப்பார். இரண்டும் இல்லாமல் வளையல் மட்டும் வந்தால் அது நான். காலை மடக்கி வழிவிட்டுப் பேசாமல் இருந்துகொள்வார். வீடு பழையபடி வீடாயிற்று.

அதைக் கெடுக்கப் பார்த்தவள் நான்தான்.

ஆடி மாசம் ஒரு நாள் அக்கா நெசவாளர் சொசைட்டியில் நூல் போடுகிறார்கள் என்று போயிருந்தாள். நான் பட்டாசாலைக் கூடத்தைக் கூட்டிக்கொண்டே கண்ணாடி முன்னால் வந்துவிட்டேன். என் இரண்டு கன்னத்திலும் கறுப்பாக மங்கு படர்ந்திருந்தது. எனக்கும் முப்பத்தாறு வயது நடக்கிறது. வெயிலில் பாவுக்குக் கஞ்சி போட்டு, அடுப்பில் வெந்து, முகம் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். புட்டி அங்கேயே இருந்தது. எடுத்துப் பூசினேன். அதில் என்ன தப்பு? நெற்றியில், கன்னத்தில், தாடையில் பொட்டுப் பொட்டாக வைத்து, மறைகிற வரைக்கும் தேய்த்தேன். குளுகுளுவென்று இருந்தது. பவுடரும் போட்டுக்கொண்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகத்தான் இருந்தேன்.

"லிங்கி" என்று பின்னால் குரல் கேட்டது.

மூத்தார் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்திருந்தார்.

"நூலு வாங்கப் போனவ அதுக்குள்ள வந்துட்டியா? நல்லதாப் போச்சு. ஒன்னு சொல்லணும், சொன்னா வையக்கூடாது." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பொட்டு நேரா இருக்கான்னு தெனம் கேக்குற, நேராத்தான் இருக்குன்னு சொல்றேன். பொய்தான் சொல்றேன் லிங்கி. கொஞ்ச நாளா ஒன்னுமே தெரியல. ஒன் மூஞ்சி வெள்ளையும் போச்சு, வேட்டியும் போச்சு. வாசனைய வச்சுத்தான் ஒன்னக் கண்டுபிடிக்கிறேன். சொன்னா, இனிமே பூசி என்ன ஆகப்போகுதுன்னு நீ விட்டுருவ. விட்டுட்டா ஒன்ன நான் எப்பிடிக் கூப்புடுவேன்?"

சொல்லிவிட்டுக் கையை முன்னால் நீட்டினார்.

நான் பேசினால் என் குரல் தெரிந்துவிடும். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூசியதைத் தம்பி பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தால், அந்த மனுஷர் தை வரைக்கும் காத்திருக்கமாட்டார், அந்த நிமிஷமே திருச்சுழி ரோட்டில் நடந்துவிடுவார். நான் பேசாவிட்டால் அந்தக் கை அப்படியே நிற்கும். நகர்ந்தால் வளையல் சத்தம் போடும், கை பின்னாலேயே வரும். கும்பிட்ட சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

வந்தது அக்கா. இடுப்பில் நூல் கட்டோடு பின்வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என் முகத்தில் இருந்த பவுடரைப் பார்த்தாள், நீட்டிய கையைப் பார்த்தாள். கட்டைச் சத்தமில்லாமல் இறக்கினாள். அசையாதே என்று எனக்குக் கண்ணால் சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் வந்து நின்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"போன மாசம் ஒரு நாள் பொட்டே வைக்காம வந்து நின்னு கேட்டேன். நேராத்தான் இருக்குன்னீக."

அவருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அப்பறம் எதுக்குடி இத்தன பவுடரு?"

"ஆரம்பத்துல ஒங்களுக்காகத்தான் பூசுனேன். இப்ப எனக்கே பிடிச்சுப் போச்சு. காலையில சித்த நேரம் என் மூஞ்சிய நானே தொட்டுக்கிட்டு நிக்கிறேன். இத்தன வருசமா அதுக்கு நேரமே இல்ல. ஒங்களுக்குத் தெரிஞ்சாலும் பூசுவேன், தெரியாட்டியும் பூசுவேன். விட்டுருவேன்னு பயப்படாதீக."

அவர்கள் அப்படியே பேசிக்கொண்டு தறிக்கூடத்துப் பக்கம் போனதும் நான் பின்வாசலுக்கு ஓடி முகத்தில் தண்ணீரை வாரி அடித்தேன். அக்கா வந்தாள். நாலு வார்த்தை கேட்பாள், வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவள் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"கன்னத்துல சரியாத் தேய்க்கல. திட்டுத்திட்டா இருக்கு பாரு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த முறை மொக்கையன் வந்தபோது அவன் பெட்டியில் இருந்த புட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தாள். மொக்கையன் தலையில் அடித்துக்கொண்டான். தாழம்பூ வாசனையில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். "ஒனக்கு இது. என் வாசனைய நீ தொடக்கூடாது, ஒன் வாசனைய நான் தொடமாட்டேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் கண்ணாடி முன்னால் இரண்டு பேர். அடுப்புப் பற்றவைக்கக் கொஞ்சம் தாமதமாகும். என் வீட்டுக்காரர் ஒரு நாள் முணுமுணுத்தார், பதில் வாங்கிக்கொண்டார், அப்புறம் முணுமுணுக்கவில்லை. ரோசா வந்தால் மூத்தார் கூப்பிடுவார். தாழம்பூ வந்தால் காலை மடக்கிக்கொள்வார். ஒரு நாளும் தப்பியதில்லை.

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்ததிலிருந்து உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. முகம் கழுவவில்லை, ஸ்னோவைத் தொடவில்லை. காய்ச்சலோடேயே என் வீட்டுக்காரருக்குக் கூழ் கரைத்து ஊற்றினேன். இரண்டு கண்ணும் பழுதில்லாத மனுஷர். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டுத் தறிக்குப் போனார். நான் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மூத்தார் அக்காவைக் கூப்பிட்டார்.

"லிங்கி, காலையிலருந்து சின்னவ வாசனையே காணோம். ஒடம்புக்கு என்னன்னு கேளு."

அக்கா கதவுக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டினாள். எனக்குக் கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வழக்கத்தை விடாமல் கேட்டாள்.

"ஒடம்புக்கு என்னன்னு கேக்குறாக பாலா."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "காச்சல்தான், ரெண்டு நாள்ல சரியாயிரும்னு சொல்லுக்கா" என்றேன். அக்கா போய்ச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதபடி, கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.